நஞ்சில்லாத புல்தரை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வீட்டுப் புல்தரை பற்றிய கேள்விகளை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களை அடுக்கிப் பார்த்தால் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: “என்ன மருந்து அடிக்கலாம்?” வன்னியில் விவசாயப் போதனாசிரியையாக வேலைசெய்த காலத்திலும் வயல் வரம்பில் கால் வைத்தவுடன் முதலில் வருவது இந்தக் கேள்விதான். அங்கே அதற்கு மறுமொழி சொல்லியே ஆகவேண்டும். நெல்லு ஒரு குடும்பத்தின் சாப்பாடு. இங்கே கனடாவில் முன்முற்றத்துப் புல்லை ஒருவரும் சாப்பிடுவதில்லை, விற்பதுமில்லை. வெறும் அழகுக்காகப் பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடத்தில் நஞ்சு தெளிப்பதை நான் ஒருநாளும் சரியென்று சொல்லமாட்டேன். மருந்தில்லாமலே நல்ல புல் வளரும். அதற்கான வேலைக்காலம் ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கிச் செப்ரெம்பர் கடைசி வரை. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் புல்லுக்கே.

கேள்வி (மார்க்கம்): அக்கா, நாங்கள் புதுக் குடியிருப்பில் வீடு வாங்கி வந்த முதல் வருடம் புல் பச்சைப் பாயாக இருந்தது. இப்போது மே மாதம் வந்தால் முற்றம் முழுக்க டண்டிலையன் மஞ்சளாகப் பூக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் வேலிக்கு மேலால் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். எல்லை தாண்டிப் பஃபலோவுக்குப் போய்ப் பழைய களைநாசினியை வாங்கிவந்து ஒருக்கா அடித்தால் முடிந்துவிடும் என்கிறார் என் கணவர். எங்களுக்குத் தவழுகிற குழந்தை இருக்கிறது. எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் மனம் சொல்வதுதான் சரி, தங்கச்சி. சட்டமும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒன்ராறியோவில் அழகுக்காகக் களைநாசினி, பூச்சிநாசினி பாவிப்பதைத் தடுக்கும் சட்டம் 2008 இல் நிறைவேறி, 2009 ஏப்ரல் 22 ஆம் திகதி முதல் நடைமுறையில் இருக்கிறது. 2,4-டி, கிளைபோசேற் போன்றவற்றை வீட்டுப் புல்லில் தெளிக்கக் கூடாது. போத்தலை எங்கே வாங்கினீர்கள் என்பது பொருட்டில்லை, தெளிப்பதுதான் குற்றம். கமம், காடு, நிபந்தனைகளோடு கோல்ப் மைதானம், தொட்டாலே தோல் கொப்பளிக்கும் நச்சுக் கொடி போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. டண்டிலையன் அந்த வரிசையில் வராது.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை எங்கள் ஆட்களில் பலர் அறிந்திருக்கவில்லை. மேலிடத்தில் யாரோ நினைத்துப் போட்டதாக எண்ணுகிறார்கள். மொன்றியலுக்குப் பக்கத்தில் ஹட்சன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே ஜூன் ஏர்வின் என்ற தோல் வைத்தியர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து நகரசபைக் கூட்டங்களுக்குப் போய், தெளிக்கும் மருந்துகளைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். 1991 இல் ஹட்சன் நகரசபை அழகுக்கான தெளிப்பைத் தடைசெய்தது. புல் பராமரிக்கும் இரண்டு கம்பனிகள் வழக்குப் போட்டன. அது கனடாவின் உச்ச நீதிமன்றம் வரை போய், 2001 ஜூன் 28 அன்று ஊரின் பக்கம் தீர்ப்பானது. தன் மக்களின் சுகத்துக்காக ஒரு நகரசபை இப்படி விதி போடலாம் என்று நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகுதான் ரொறன்ரோ 2003 இல் தன் விதியைக் கொண்டுவந்தது. கியூபெக் மாகாணமும் ஒன்ராறியோ மாகாணமும் தங்கள் தங்கள் சட்டங்களைப் போட்டன. சபை மண்டபத்தில் ஒரு பெண் விடாமல் எழுந்து நின்றதில் தொடங்கிய காரியம் இது. உங்கள் கணவருக்கு இதைச் சொல்லுங்கள்.

உடல்நலத்தைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015 இல் கிளைபோசேற்றை மனிதருக்குப் “பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது” என்ற வகுப்பிலும், 2,4-டியை அதற்கு ஒரு படி கீழே “விளைவிக்கச் சாத்தியமுள்ளது” என்ற வகுப்பிலும் வைத்தது. கனேடியச் சுகாதாரத் திணைக்களமோ லேபிளில் உள்ளபடி பாவித்தால் கவலைக்கிடமில்லை என்று 2017 இல் கிளைபோசேற்றுக்கு அனுமதியைத் தொடர்ந்தது. விஞ்ஞானிகள் அதை வாதாடட்டும். உங்கள் பிள்ளை புல்லில் கை ஊன்றித் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறது. மஞ்சள் பூவைப் போக்குவதற்காக அந்த வாதத்துக்குள் பிள்ளையை இறக்கவேண்டிய தேவை ஏதுமில்லை. ஒன்ராறியோவின் குடும்ப வைத்தியர் கல்லூரி 2004 இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன ஆலோசனையும் இதுதான்: கூடிய மட்டும் விலகியிருங்கள், அதிலும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும்.

இனி உங்கள் முற்றம். முதல் வருடம் பச்சையாக இருந்து பிறகு தேய்ந்துபோவது புதுக் குடியிருப்புகளில் நான் எல்லா இடமும் காண்பதுதான். வீடு கட்டத் தொடங்கும்போதே மேல்மண்ணை வழித்து அள்ளிவிடுவார்கள். கனரக வாகனம் ஏறி இறங்கி நெரித்த களிமண்ணின் மேல் ஒரு சிறாங்கை நல்ல மண்ணைப் பரப்பி, பாய் போலச் சுருட்டி வந்த புல்லை விரித்துவிட்டுப் போவார்கள். ஒரு மண்வெட்டியால் ஓர் அடி வெட்டிப் பாருங்கள். இரண்டு விரற்கடை கறுப்பு மண், அதன்கீழ் சாம்பல் நிறக் களி, வேர் அந்த எல்லையில் திரும்பிப் படுத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் புல் மெலியும். மெலிந்த இடத்தில், ஆழமாக ஆணிவேர் விடக்கூடிய டண்டிலையன் குடியேறும். களையைக் கொன்றுவிட்டு மண்ணை அப்படியே விட்டால் அடுத்த வருடம் அதே ஓட்டைகளில் வேறு களை வரும்.

ஆகவே மண்ணில் தொடங்குங்கள். ஓகஸ்ட் கடைசியில் மழை பெய்து மண் இளகிய நாள் பார்த்து, துளையிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுங்கள். கூர் ஆணி குத்துகிற வகை வேண்டாம். மண்ணை விரலளவு உருளைகளாகப் பிடுங்கி வெளியே போடுகிற வகை வேண்டும். அந்த மண் உருளைகளை அள்ளவேண்டாம், கிடந்து கரையட்டும். மேலே நன்கு உக்கிய கூட்டெருவை அரைச் சென்ரிமீற்றர் அளவுக்குப் பரப்புங்கள். 100 சதுர மீற்றர் முற்றத்துக்கு அரைக் கனமீற்றர் போதும். முள்ளுவாரியின் முதுகால் இழுத்துவிட்டால் புல்லின் நுனிகள் வெளியே தெரியவேண்டும், மூடிப்போகக் கூடாது. அன்றைக்கே விதையும் தூவுங்கள்: அதே பரப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கென்ரக்கி புளூகிறாஸ் மட்டும் உள்ள பையை வாங்கவேண்டாம். பெரனியல் றைகிறாஸ், ஃபெஸ்க்யூ கலந்ததாகப் பார்த்து எடுங்கள். றைகிறாஸ் ஒரு கிழமைக்குள் முளைக்கும், ஃபெஸ்க்யூ இரண்டு கிழமைக்குள், புளூகிறாஸ் மூன்று கிழமை வரை கேட்கும். அதுவரை மேல்மண் காயாமல் தினமும் மெல்லிய தூறலாகத் தண்ணீர் காட்டவேண்டும். இந்த ஒரு வேலையில் மட்டும் சோம்பல் கூடாது.

டண்டிலையனை மழை பெய்த அடுத்த நாள் கையால் எடுங்கள். நின்றபடியே காலால் அழுத்தி வேரோடு இழுக்கும் நீண்ட பிடி வைத்த கருவி தோட்டக் கடைகளில் இருக்கிறது, நாரி நோகாது. வேர் பாதியில் அறுந்தால் திரும்ப முளைக்கும், அப்போது திரும்ப இழுங்கள். பிடுங்கிய குழியை வெறுமையாக விடாமல் ஒரு பிடி மண்ணும் விதையும் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் எடுக்கத் தேவையில்லை. பூ விதையாகிப் பறக்கமுன் பூவையாவது கிள்ளிவிடுங்கள். இரும்புச் சத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு தெளிப்பு இங்கே சட்டப்படி விற்பனையில் இருக்கிறது. அகன்ற இலைக் களைகள் அந்த இரும்பை அளவுக்கு மிஞ்சி உறிஞ்சிச் சில மணித்தியாலத்தில் கறுத்துப்போகும், புல் தாங்கிக்கொள்ளும். ஆணிவேருள்ள டண்டிலையன் சில கிழமைகளில் மீண்டும் தலை காட்டும் என்பதால் இரண்டாம் முறையும் தேவைப்படலாம். சீமெந்தில் பட்டால் துருக்கறை பிடிக்கும். உங்கள் முற்றத்துக்குக் கையும் கருவியும் போதும் என்பதே என் எண்ணம்.

உங்கள் முற்றத்தில் ஒருபோதும் மருந்து அடிக்கவில்லை என்பது உறுதியானால், ஏப்ரலில் பூக்கமுன் டண்டிலையனின் இளங்குருத்துகளைப் பறித்து, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் போட்டு வறை செய்து பாருங்கள். கொஞ்சம் கைப்பு இருக்கும். பாகற்காய் சாப்பிடுகிற வீட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை.

கேள்வி (ஸ்காபரோ): பிள்ளை, நான் ஓய்வுபெற்றவன். புல்லை அடிக்கடி வெட்ட முடியாதபடியால் வெட்டும்போது ஒட்ட வெட்டிவிடுவேன். தினமும் பின்னேரம் பத்து நிமிடம் தண்ணீரும் அடிக்கிறேன். ஆனாலும் யூலையில் மண்ணிறமாகப் போகிறது. பசளை போதாதா?

பதில்: பசளையில் குறையில்லை, ஐயா. உங்கள் மெஷினின் சக்கரத்துக்குப் பக்கத்தில் உயரம் மாற்றும் பிடி ஒன்று இருக்கும். அதை மேலே தூக்கி 7 அல்லது 8 சென்ரிமீற்றரில் வையுங்கள். இந்தப் பக்கம் முழுவதிலும் காசு செலவில்லாத ஆலோசனை இதுதான், பலன் கூடியதும் இதுதான். இலை எவ்வளவு உயரமோ வேரும் அதற்கேற்ப ஆழம் போகும். ஒட்ட வெட்டினால் உணவு செய்யும் இலை போய், வேர் குறுகி, வெயில் நேரே மண்ணில் விழும். வெயில் விழுகிற மண்ணில்தான் களை விதைகள் முளைக்கும். உயரமான புல்லின் நிழலே அவற்றை அமுக்கிவைக்கும். ஒருமுறை வெட்டும்போது மூன்றிலொரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய துண்டுகளை அள்ளிக் கட்டி வைக்கவும் வேண்டாம். ரொறன்ரோ நகரசபை புல்லுத்துண்டுகளைத் தோட்டக் கழிவோடு எடுப்பதுமில்லை. அவை கிடந்து உக்கினால் ஒரு வருடத்துக்குத் தேவையான நைதரசனில் காற்பங்களவு அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும். மெஷின் அலகையும் வருடத்தில் ஒருமுறையாவது தீட்டுவியுங்கள். மழுங்கிய அலகு புல்லைக் கிழித்து நுனியை வெளிறச் செய்யும்.

தண்ணீர் விடயத்தில் தினமும் பத்து நிமிடம் என்பது வேரை மேலேயே வைத்திருக்கப் பழக்குகிறது. கிழமைக்கு ஒருமுறை, மழையையும் சேர்த்து 2.5 சென்ரிமீற்றர், விடியற்காலையில். மீன் ரின் ஒன்றைப் புல்லில் வைத்து, அதில் அந்த அளவு நிரம்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒருநாள் பார்த்தால் பிறகு அளக்கத் தேவையில்லை. பின்னேரம் நனைத்தால் இரவு முழுதும் இலை ஈரமாக நின்று பூஞ்சணம் பிடிக்க இடமாகும்.

யூலை மண்ணிறம் சாவில்லை, உறக்கம். கென்ரக்கி புளூகிறாஸ் குளிர்நாட்டுப் புல். கடும் வெப்பத்தில் இலையைக் காயவிட்டு அடித்தண்டில் உயிரை வைத்துக்கொள்ளும். நாலைந்து கிழமை அப்படி இருந்து, செப்ரெம்பர் மழைக்குத் தானே எழும்பும். உறங்குகிற புல்லுக்கு யூலையில் பசளை போடுவது கெடுதி. பசளை போடுவதென்றால் செப்ரெம்பரில் சேதனப் பசளை ஒருமுறை. ஒன்றில் ஒழுங்காகத் தண்ணீர் விடுங்கள், அல்லது உறங்க விடுங்கள். எழுப்பி எழுப்பிப் படுக்கவைப்பதுதான் அதைக் களைக்கச் செய்யும்.

கேள்வி (பிரம்ரன்): இரவில் ரக்கூனும் ஸ்கங்கும் வந்து புல்லைக் கம்பளம் சுருட்டுவதுபோலச் சுருட்டிப் புரட்டிப் போடுகின்றன. மிளகாய்த்தூள் போட்டும் நிற்கவில்லை. புல்லைக் கையால் இழுத்தால் வேரில்லாமல் கழன்று வருகிறது. அடியில் வெள்ளைப் புழுக்கள். இதற்காவது மருந்து வேண்டுமல்லவா?

பதில்: வேண்டும், ஆனால் அந்த மருந்து உயிருள்ளது. விலங்குகள் உங்கள் முற்றத்துக்கு வருவது அந்தப் புழுக்களைத் தின்ன. மிளகாய்த்தூளைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு மழைக்குப் போய்விடும், இடையில் பூனை, நாய்களின் கண்ணில்தான் படும்.

முதலில் எண்ணுங்கள். முற்றத்தில் மூன்று நாலு இடத்தில் ஒரு சதுர அடியை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திறந்து, மேல் பத்துச் சென்ரிமீற்றர் மண்ணில் உள்ள புழுக்களைப் பாருங்கள். உடல் வெள்ளை, தலை மண்ணிறம், தொட்டால் வளைந்து சுருளும். சதுர அடிக்கு ஐந்துக்குக் குறைவென்றால் திடமான புல் அதைத் தாங்கும். திறந்த புல்லை மூடித் தண்ணீர் ஊற்றிவிட்டு விடுங்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் அதைவிட நிறையவே இருக்கிறது.

இவை ஐரோப்பியச் சேஃபர் வண்டு, ஜப்பான் வண்டு, ஜூன் வண்டு ஆகியவற்றின் பிள்ளைப் பருவம். ஜப்பான் வண்டு 1916 இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று உங்கள் ரோசாவையும் போஞ்சியையும் திராட்சை இலையையும் சல்லடையாக்குகிற அந்த வெண்கலநிற வண்டு அதுதான். சேஃபரும் ஜப்பான் வண்டும் கோடையில் மண்ணில் முட்டையிட, ஓகஸ்டில் சின்னப் புழுக்கள் மேல்மண்ணில் வேரைத் தின்னத் தொடங்கும். பனி வந்ததும் ஆழத்துக்கு இறங்கி, ஏப்ரலில் கொழுத்துப்போய்த் திரும்ப மேலே வரும். மேலே இருந்து சிறிதாக இருக்கும்போதுதான் இவற்றைப் பிடிக்கமுடியும். வசந்தத்தில் சேதத்தைக் கண்டுவிட்டு அப்போது காசைச் செலவழிக்கிறவர்களே அதிகம். அந்தக் கொழுத்த புழுவை ஒன்றும் செய்ய ஏலாது.

நான் சொன்ன உயிருள்ள மருந்து நெமற்றோட். இவை கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்கள். வேர்ப்புழுவுக்கு ஏற்றது ஹெற்றரோறாப்டிற்றிஸ் பக்ரீரியோபோறா என்ற இனம். பெட்டியில் இந்தப் பெயரைத் தேடிப் பார்த்து வாங்குங்கள், வேறு இனங்கள் வேறு பூச்சிகளுக்கானவை. இது மண் ஈரத்தில் நீந்திப் போய்ப் புழுவின் உடலுக்குள் நுழையும். தன் குடலில் சுமந்துவரும் பக்ரீரியாவை அங்கே விடும். இரண்டு மூன்று நாளில் புழு சாகும். அதற்குள்ளேயே நெமற்றோட் பெருகி அடுத்த புழுவைத் தேடும். மனிதருக்கும் நாய்க்கும் மண்புழுவுக்கும் தேனீக்கும் ஒன்றும் செய்யாது. வன்னியில் நாங்கள் புழுவென்றால் பூச்சிநாசினிப் போத்தலைத்தான் தூக்கினோம். மண்ணுக்குள்ளேயே இப்படி ஒரு வேட்டைக்காரன் இருப்பதை இங்கே முதன்முதலில் கையாண்டபோது எனக்கு உண்டான சந்தோசம் இன்னும் குறையவில்லை.

உயிருள்ள பொருள் என்பதை மறக்காதீர்கள். கடையில் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறார்களா, காலாவதித் திகதி என்ன என்று பாருங்கள். வெயில் ஜன்னலோரத் தட்டில் கிடந்த பெட்டியை வாங்கவேண்டாம். ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்ரெம்பர் நடுப்பகுதிக்குள், மண் நன்றாகக் குளிரமுன் போடவேண்டும். அன்று பகல் புல்லை நன்கு நனையுங்கள். வெயில் பட்டால் அவை செத்துவிடும் என்பதால் பொழுதுபட்ட பிறகு, அல்லது மழை தூறும்போது, பூவாளியாலோ குழாயில் பூட்டும் தெளிப்பானாலோ ஊற்றுங்கள். தெளிப்பானில் நுண்ணிய வடி இருந்தால் கழற்றிவிடுங்கள். ஊற்றிய பிறகும் தண்ணீர் விட்டு அவற்றை மண்ணுக்குள் இறக்குங்கள். அடுத்த இரண்டு கிழமை மண் காயக்கூடாது. விலங்கு புரட்டிய இடங்களை மிதித்து அமர்த்தி, விதை போட்டு, தளிர் பிடிக்கும்வரை கோழிவலையைத் தரையோடு விரித்துவிடுங்கள். ரக்கூனுக்கு அது பிடிக்காது.

வளர்ந்த ஜப்பான் வண்டை விடியற்காலையில், அது குளிரில் மந்தமாக இருக்கும்போது சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டிவிடுங்கள். வாசனை காட்டிப் பிடிக்கும் மஞ்சள் பொறிகளை உங்கள் வளவில் தூக்கவேண்டாம். அவை பிடிப்பதைவிட ஊரிலுள்ள வண்டையெல்லாம் உங்கள் வீட்டுக்கு அழைப்பதே கூட. இந்த வண்டு யூலையில் ஈரமான, ஒட்ட வெட்டிய புல்லைத் தேடி முட்டையிடும் என்பதையும் மனதில் வையுங்கள். மேலே ஸ்காபரோ ஐயாவுக்குச் சொன்ன உயரமும் யூலை உறக்கமும் உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி (ஏஜக்ஸ்): என்ரை பேரப்பிள்ளையளின் வீட்டுப் பின்வளவில் நிழல் பக்கமாக வல்லாரை படர்ந்து கிடக்குது, பிள்ளை. இலை ஊர் வல்லாரை மாதிரியே. மகள் களை எண்டு பிடுங்கச் சொல்லுறா. நான் சம்பல் அரைக்கலாமோ?

பதில்: அரைக்கவேண்டாம், அம்மா. தயவுசெய்து. அது வல்லாரையே இல்லை. ஊர் வல்லாரை இந்தப் பனிக்காலத்தில் வெளியே ஒருநாளும் தப்பாது. நீங்கள் பார்த்தது கிறீப்பிங் சாலி என்று இங்கே சொல்லுகிற கொடி. இலையின் வட்டமும் ஓர வெட்டும் எங்களைப் பேய்க்காட்டும். ஒரு தண்டைக் கிள்ளி இரண்டு விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள்: உருண்டையாக இராது, நாலு மூலை தெரியும். அது புதினாக் குடும்பம். கசக்கினால் கடும் மணம் வரும், மே மாதத்தில் ஊதா நிறத்தில் சின்னப் பூப் பூக்கும். குதிரைகள் நிறையத் தின்றால் நோய்ப்படுவதுண்டு. சம்பலுக்கு வல்லாரையைத் தமிழ்க் கடையிலேயே வாங்குங்கள், அல்லது சாடியில் வைத்து யன்னலோரத்தில் வளருங்கள்.

மகளுக்கு: இந்தக் கொடி நிழலையும் ஈரத்தையும் விரும்பும், கணுவுக்குக் கணு வேர் விடும். மரத்தின் கீழ்க் கிளைகளைக் கொஞ்சம் கழித்து வெளிச்சம் விடுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது முள்ளுவாரியால் கொடியைத் தூக்கி, நுனியிலிருந்து அடிவரை தொடர்ந்து இழுத்து எடுங்கள். விட்ட துண்டு முளைக்கும் என்பதால் செப்ரெம்பரில் திரும்ப ஒருமுறை பாருங்கள். போராக்ஸ் தூளைக் கரைத்து ஊற்றச் சொல்லி ஒரு பழைய கைவைத்தியம் சுற்றுகிறது. போரன் மண்ணில் தங்கிப் புல்லையும் சேர்த்துக் கருக்கிவிடும், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. அடர்ந்த மேப்பிள் மரத்தின் கீழ் என்றால் புல்லுக்காகப் போராடவேண்டாம். அங்கே மரத்தூள் பரப்பிவிடுங்கள்.

கேள்வி (மிசிசாகா): வினாகிரி, உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் கலந்து அடித்தால் களை செத்துவிடும், இரசாயனம் இல்லை என்று வட்ஸ்அப்பில் வந்தது. நம்பலாமா?

பதில்: களை வாடும். பக்கத்திலுள்ள புல்லும் வாடும். வினாகிரிக்கு இரண்டையும் பிரித்துத் தெரியாது. ஆழ வேருள்ள களையின் இலைதான் கருகும், வேர் திரும்பத் துளிர்க்கும். உப்பு இன்னும் மோசம். குளிர்காலத்தில் நடைபாதைக்குப் போடும் உப்பு வழிந்து ஓரத்துப் புல் செத்துக் கிடப்பதை ஒவ்வொரு ஏப்ரலிலும் பார்க்கிறீர்களே, அதையே ஏன் கைகாசு போட்டு முற்றத்தின் நடுவிலும் செய்யவேண்டும்? சமையலறைப் பொருள் என்பதால் மண்ணுக்குத் தீங்கில்லை என்று ஆகாது. கல் இடுக்கில் வரும் களைக்குக் கொதிநீர் போதும். தோட்டத்துக்கென்று விற்கும் செறிந்த அசற்றிக் அமிலம் சமையல் வினாகிரியைவிடப் பல மடங்கு கடுமையானது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து.

முளைக்கமுன் தடுக்கும் ஒன்றைப் பற்றிக் கேட்டால் சோளத்தின் குளூட்டன் மாவைச் சொல்வேன். அமெரிக்காவின் ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1980களில் புல் நோய் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தபோது தற்செயலாகக் கண்டது இது. முளைக்கும் விதையின் வேரை அது வளரவிடாது. பத்து வீதமளவு நைதரசனும் இருப்பதால் பசளையாகவும் ஆகும். வசந்தத் தொடக்கத்தில் ஃபோசிதியா என்ற புதர்ச்செடி மஞ்சளாகப் பூக்கும் நாட்களில் 100 சதுர மீற்றருக்கு 10 கிலோ வரை போடவேண்டும். வளர்ந்த களையை ஒன்றும் செய்யாது, நல்ல புல் விதையையும் முளைக்க விடாது. ஆகவே இந்தச் செப்ரெம்பரில் விதை தூவப் போகிறவர்கள் இதை இப்போது தொடவேண்டாம்.

கேள்வி (பிக்கறிங்): “நூறு வீதம் இயற்கை” என்று துண்டுப்பிரசுரத்தோடு ஒரு கம்பனி ஆள் வாசலுக்கு வந்தார். எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: தெளிக்கப்போகும் பொருளின் செயற்படு மூலப்பொருளின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அவருடைய மாகாண உரிம இலக்கத்தையும் கேளுங்கள். இரண்டையும் தயங்காமல் தருகிறவரோடு மேலே பேசலாம். “அதெல்லாம் எங்கள் இரகசியக் கலவை” என்றால் கதவைச் சாத்துங்கள். நான் என்றால் அந்தக் காசுக்குக் கூட்டெரு வாங்குவேன்.

கேள்வி (ஸ்காபரோ): எங்கள் புல்லுக்குள் வெள்ளைக் குளோவர் பரவிவிட்டது. எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது. ஆனால் களையை வளர்க்கிறோம் என்று யாராவது நகரசபைக்கு முறைப்பாடு செய்வார்களோ என்று வீட்டுக்காரர் பயப்படுகிறார்.

பதில்: பயப்படவேண்டாம். ரொறன்ரோவின் விதி புல் 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரக்கூடாது என்கிறது, பரவி இடத்தைப் பிடிக்கும் சில ஆபத்தான செடிகளையும் தடைசெய்கிறது. இராட்சத ஹொக்வீட், ஜப்பான் நொட்வீட் போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. குளோவர் இல்லை.

இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தக் கண்டத்தில் விற்ற புல் விதைப் பைகளில் குளோவரைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பார்கள். போர் முடிந்தபின் 2,4-டி கடைக்கு வந்தது. அது அகன்ற இலையுள்ள எல்லாவற்றையும் கொன்றது, குளோவரும் அதோடு போனது. மருந்திலிருந்து காப்பாற்ற முடியாததைக் களை என்று சொல்லி விற்றார்கள். உங்கள் கண்ணுக்கு அது அழகாகத் தெரிந்தால் அந்தப் பார்வையில் பிழையே இல்லை.

குளோவர் அவரைக் குடும்பம். வேரிலுள்ள முடிச்சுகளில் வாழும் பக்ரீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும்; பக்கத்திலுள்ள புல்லும் அதைப் பங்கிடும், பசளைச் செலவு குறையும். யூலையில் புல் உறங்கும்போதும் அது பச்சையாக நிற்கும். நாய் மூத்திரம் பட்ட இடத்தில் புல்லைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒரேயொரு கவனம்: பூத்தால் தேனீ வரும். வீட்டில் தேனீக் கடி ஒவ்வாதவர் இருந்தால், அல்லது பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள் என்றால், பூ வரும்போது மெஷினை ஒருமுறை ஓட்டிப் பூவை மட்டும் எடுத்துவிடுங்கள். பத்து நாளில் திரும்பப் பூக்கும்.

இன்னும் பரவவேண்டும் என்று விரும்பினால் இப்போது விதைக்கவேண்டாம், பனிக்கு முன் வேர் பிடிக்க நாள் போதாது. ஏப்ரல் கடைசியில், 100 சதுர மீற்றருக்கு 100 கிராம் போதும். விதை மிக நுண்ணியது. ஒரு வாளி காய்ந்த மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டுப்படாமல் சீராக விழும்.

அடுத்த இதழில் கறிவேப்பிலையையும் முருங்கைச் சாடியையும் பனிக்கு முன் உள்ளே எடுப்பது பற்றி எழுதுவேன். கேள்விகளைச் செப்ரெம்பர் 10 ஆம் திகதிக்கு முன் அனுப்புங்கள். இலையில் பூச்சி தெரிந்தால் இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.